டீச்சரிடம் கேளுங்கள்: கோசெ என்றொரு பெக்கான்

போன இதழில் என் எஸ்டோனியா பயணத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதினேன். பிரித்தா ஆற்றங்கரையில் கோசெ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, உலகத்தை மூன்று தடவை கப்பலில் சுற்றியவர் ஒருவரின் கல்லறை அங்கே இருக்கிறது என்று. அவ்வளவுதான். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எடுப்பது எப்படி என்று மூன்று பக்கம் எழுதியபோதுகூட இத்தனை கடிதம் வரவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க கோசெதான். ஈபிஎஃப் காத்திருக்கட்டும்.

டீச்சர், எஸ்டோனியா எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இதில் கோசெ எங்கே? பட்டணமா, கம்பமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

வெட்கப்பட வேண்டாம் தம்பி, என் அண்ணன் மகனுக்குத் தாலினில் கணினி வேலை கிடைக்கும் வரை எனக்கும் தெரியாது. பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வடக்கே கடலைத் தாண்டினால் பின்லாந்து, தெற்கே லாத்வியா, கிழக்கே ரஷ்யா. பரப்பு 45,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் பகாங் மாநிலத்தைவிடப் பெரிய நாடு. ஆனால் நாடு முழுக்க எண்ணினாலும் 13 லட்சத்துச் சொச்சம் பேர்தான், பினாங்கு மாநிலத்தில் இருக்கிறவர்களைவிடக் குறைவு. மலை என்று பார்த்தால் ஆக உயர்ந்ததே 318 மீட்டர். நம் பினாங்குக் கொடிமலையில் பாதிகூட இல்லை. அதை அங்கே ‘பெரிய முட்டை மலை’ என்று பெருமையாகக் காட்டுகிறார்கள், நான் சிரிக்காமல் பார்த்தேன்.

கோசெ, தலைநகர் தாலினுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், தார்த்து என்ற பல்கலைக்கழக ஊருக்குப் போகிற பெரிய சாலைப் பக்கம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நெரிசல் மட்டும் இல்லை. மக்கள் சுமார் 2,000 பேர். பட்டணமா கம்பமா என்றால் இரண்டும் இல்லை. நம்மிடம் பண்டார் (பட்டணம்), பெக்கான் (சின்னப் பட்டணம்), கம்போங் (கிராமம்) என்று இருக்கிற மாதிரி அவர்களிடம் லின், அலெவ், அலெவிக், க்யூலா என்று நான்கு படி. கோசெ மூன்றாவது படி, அலெவிக். நம் கணக்கில் ஒரு சின்ன பெக்கான். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், இரண்டு மூன்று கடை, பேருந்து நிற்கிற இடம், அதைத் தாண்டினால் வயலும் காடும்.

எஸ்டோனிய மொழியில் கோஸ்க் என்றால் நீர்வீழ்ச்சி. ‘நீர்வீழ்ச்சியின்’ என்று சொல்ல வேண்டுமானால் கோசெ. பேரைக் கேட்டுவிட்டு நான் கேமரா எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். நான் பார்த்தது ஒரு சமர்த்தான ஆறு. அகலம் அதிகமில்லை, இரு கரையிலும் புல், தண்ணீர் தே ஓ நிறத்தில் இருந்தது, பால் ஊற்றாத தே ஓ. அழுக்கு என்று நினைத்து முகம் சுளித்தேன். சதுப்பு நிலங்களிலிருந்து வடிகிற தண்ணீர் அத்தை, இலையும் வேரும் ஊறி அந்த நிறம் வந்துவிடுகிறது என்றான் கூட வந்த அண்ணன் பையன். கையில் அள்ளிப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. 105 கிலோமீட்டர் ஓடி, தாலின் ஓரத்தில் கடலில் கலக்கிற ஆறு அது. தலைநகரத்துக் குழாய்த் தண்ணீருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஆகவே மரியாதையாகவே பேசுவோம்.

இடைக்காலத்திலிருந்தே இருக்கிற ஊர் என்று எங்கோ படித்தேன். கோட்டை கொத்தளம் ஏதாவது உண்டா?
(ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்)

கோட்டை இல்லை அம்மா. இருப்பது ஒரு புத்தகக் குறிப்பு, ஒரு தேவாலயம், பக்கத்திலேயே ஒரு போர்க்களம்.

புத்தகம் முதலில். 13ஆம் நூற்றாண்டில் டென்மார்க் அரசர்கள் எஸ்டோனியாவின் வடபகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த உடனே எந்த அரசும் செய்வதைத்தான் செய்தார்கள், யாரிடம் எவ்வளவு நிலம் என்று கணக்கெடுத்தார்கள். 1241 வாக்கில் எழுதிய அந்தக் கணக்கில் கோசெ வட்டாரமும் இருக்கிறது. நிலத்தை அளந்த அலகுதான் எனக்குப் பிடித்தது. ‘ஆத்ராமா’ என்பார்கள், ‘ஏர் நிலம்’ என்று அர்த்தம், ஒரு ஏருக்கு உரிய நிலம். நம்மவர்களும் ஏரை வைத்தும் விதையை வைத்தும்தானே நிலத்தைப் பேசினார்கள். வரி போடத்தான் எழுதினார்கள், ஆனால் அந்த வரிக்கணக்கு இல்லாவிட்டால் வடக்கு எஸ்டோனியாவில் பாதிக் கிராமங்களுக்குப் பழம்பெருமை பேச ஆதாரமே இருந்திருக்காது.

தேவாலயம் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது, புனித நிக்கோலாஸ் பேரில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறிப்போன அதே நிக்கோலாஸ்தான். அவர் கடலோடிகளின் காவல் தெய்வமும்கூட. கடலே கண்ணில் படாத ஊரில் கடலோடிகளுக்கு ஒரு காவலர் என்னத்துக்கு என்று கேட்காதீர்கள், அடுத்த கேள்வியில் வருகிறது.

போர்க்களம்தான் இதில் கனமான விஷயம். 1343 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாள் இரவு. டென்மார்க் அரசரின் பேரில் நிலத்தை வைத்திருந்த ஜெர்மன் பிரபுக்களுக்கு எதிராக வடக்கு எஸ்டோனிய விவசாயிகள் எழுந்தார்கள். பண்ணை வீடுகள் எரிந்தன. தங்களுக்குள் நான்கு பேரை ராஜா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு தாலினையே முற்றுகை போட்டார்கள். அப்புறம் ஜெர்மன் வீரத் துறவியர் சங்கம் என்று ஒன்று, சிலுவை போட்ட அங்கியும் வாளுமாகத் திரிகிற கூட்டம், அவர்கள் அந்த நான்கு ராஜாக்களைப் பேச்சுவார்த்தைக்கு என்று பைதெ கோட்டைக்கு அழைத்தார்கள். மே 4ஆம் தேதி கோட்டைக்குள் போனவர்கள் உயிரோடு திரும்பவில்லை. பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டால் கோட்டைக்குள் போகக் கூடாது என்பது எல்லா நாட்டு வரலாற்றிலும் இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது போகிறார்கள்.

ஒரு வாரம் கழித்து, மே 11ஆம் தேதி, சங்கத்தின் குதிரைப்படை கனவெரெ என்ற இடத்தில் எஸ்டோனியப் படையோடு மோதியது. அந்தக் கனவெரெ இந்தக் கோசெ வட்டாரத்தில்தான் இருக்கிறது. சதுப்பு நிலம். இரும்புக் கவசம் போட்ட குதிரைக்காரன் சேற்றில் என்ன செய்வான் என்று நினைத்துத்தான் விவசாயிகள் அங்கே ஒதுங்கியிருப்பார்கள் என்பது என் யூகம். தோற்றார்கள். மூன்று நாள் கழித்து தாலினுக்கு வெளியே இன்னொரு பெரிய தோல்வி. 1346இல் டென்மார்க் அரசர், எனக்கு இந்தத் தலைவலியே வேண்டாம் என்பது போல, அந்தப் பகுதி முழுவதையும் 19,000 வெள்ளி மார்க்குக்கு அதே சங்கத்துக்கு விற்றுவிட்டுப் போனார். நிலத்தோடு சேர்த்து மக்களையும்தான்.

மூன்று தடவை உலகைச் சுற்றியவர் யார்? அவரை ஏன் ஒரு குட்டி ஊரில் புதைத்தார்கள்?
(வாசகர், சுங்கைப்பட்டாணி)

ஒட்டோ ஃபான் கோட்சபூ. தாலினில் 1787ஆம் ஆண்டு பிறந்த பால்டிக் ஜெர்மானியர், ரஷ்யக் கடற்படை அதிகாரி. பினாங்கில் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் கொடி நட்டது 1786, அதற்கு அடுத்த வருடப் பிள்ளை இவர். அப்பா பிரபலமான நாடக ஆசிரியர், அவரை 1819இல் ஒரு மாணவன் கத்தியால் குத்திக் கொன்றான், அது தனிக் கதை.

முதல் சுற்று 1803 முதல் 1806 வரை. குரூசென்ஷ்டெர்ன் என்ற தலைவரின் கப்பலில் பையனாகப் போனார், போகும்போது வயது பதினைந்துதான். இரண்டாவது சுற்று 1815 முதல் 1818 வரை, இந்தத் தடவை அவரே கப்பல் தலைவர். கப்பல் பேர் ரூரிக், பாய்மரம் இரண்டே இரண்டு, மிகச் சின்னது. வட அமெரிக்காவின் தலைக்கு மேலே பனிக்கடலில் வழி இருக்கிறதா என்று தேடுவது வேலை. 1816இல் அலாஸ்காவில் பெரிய வளைகுடா ஒன்றைப் பார்த்தார்கள், இன்றைக்கும் அதற்குக் கோட்சபூ என்றே பேர், அங்கே அதே பேரில் ஓர் ஊரும் இருக்கிறது. வழி மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் புயலில் நெஞ்சில் அடிபட்டு, உடம்பு கெட்டு, மேலும் வடக்கே போகாமல் திரும்பினார். இடையில் மார்ஷல் தீவுகளைக் கவனமாக வரைபடத்தில் ஏற்றினார். ‘கண்டுபிடித்தார்’ என்று புத்தகங்களில் போடுவார்கள், அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், நம் தீவிலும் லைட்டுக்கு முன்னால் ஆள் இருந்த மாதிரி. மூன்றாவது சுற்று 1823 முதல் 1826 வரை.

அந்த ரூரிக் கப்பலில் ஓர் இயற்கை ஆய்வாளர் இருந்தார், ஆடல்பெர்ட் ஃபான் ஷமிசோ, பிறப்பால் பிரெஞ்சுக்காரர், எழுதியது ஜெர்மனில். கப்பல் டாக்டர் எஷ்ஷோல்ட்ஸ் தார்த்து ஊர்க்காரர். கலிபோர்னியாவில் பார்த்த ஆரஞ்சு நிறப் பூவுக்கு ஷமிசோ தன் நண்பர் டாக்டரின் பேரை வைத்தார், இன்று அது கலிபோர்னியாவின் மாநிலப் பூ. ஆனால் இங்கே நமக்கு வேண்டிய சங்கதி வேறு. ஷமிசோ கவிஞரும்கூட. ஊர் திரும்பிய பிறகு, 1822இல், மலாய்ப் பந்துன் வடிவத்தில் ஜெர்மன் மொழியில் கவிதை எழுதினார். நம் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற அதே பந்துன்தான், நாலடிப் பாட்டு, முதல் இரண்டு அடி ‘பெம்பாயாங்’ (முன்னோட்டம்), அடுத்த இரண்டு அடி ‘மக்சூட்’ (சொல்ல வந்த கருத்து). எங்கோ பால்டிக் கடல் பக்கம் ஆற்றோரம் கிடக்கிற ஒரு கல்லறையிலிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்து நிற்கிறது. அங்கே நின்றபோது எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

சரி, ஏன் கோசெ? கடைசிக் காலத்தில் அந்த வட்டாரத்தில் கெளவெ என்ற பண்ணையை வாங்கி அங்கேயே இருந்தார். 1846இல், 58 வயதில் இறந்தார். பண்ணையாருக்கு வட்டாரத் தேவாலயம்தானே, அதனால் கோசெ. கடலோடிகளின் காவலர் நிக்கோலாஸின் சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு கடலோடி. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

பினாங்கில் நார்தம் ரோட்டுப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? லைட் படுத்திருக்கிற இடம். பெருங்கள்ளிப் பூ கொட்டிக் கிடக்கும், சுவருக்கு வெளியே பஸ் சத்தம். கோசெயில் பஸ் சத்தமும் இல்லை, ஒரே ஒரு அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து யாரோ சொந்தக்காரர் கல்லறைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், அதற்கு மேல் பேச்சில்லை. அவர்கள் வழக்கமே அப்படித்தானாம், கோபம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பண்ணை, பண்ணையார் என்கிறீர்கள். நான் தோட்டத்தில் பிறந்தவன். அங்கேயும் துரைகளும் லயங்களும் உண்டா?
(வாசகர், கிள்ளான்)

ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். உண்டு. நம்முடையதைவிட நீளமான கதை.

1346க்குப் பிறகு டென்மார்க் போய், சங்கம் போய், சுவீடன் வந்து, ரஷ்யப் பேரரசு வந்து, ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. நிலம் மட்டும் ஜெர்மன் பிரபுக்கள் கையைவிட்டுப் போகவில்லை. ‘மொய்ஸ்’ என்பார்கள் அந்தப் பண்ணையை. நடுவில் தூண் வைத்த பெரிய வீடு, சுற்றிலும் தொழுவம், சாராய ஆலை, எட்டத்தில் குடியானவர் குடிசைகள். குடியானவன் பண்ணைக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது, பண்ணை நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், தவறினால் பிரம்படி.

1816இல் வடக்கு எஸ்டோனியாவில் அடிமைக் குடிமுறையை ஒழித்தார்கள். கவனியுங்கள், கோட்சபூ அலாஸ்காவில் வளைகுடாவுக்குப் பேர் வைத்த அதே வருடம். ஆனால் மனிதனை விடுவித்தார்கள், நிலத்தைக் கொடுக்கவில்லை. நிலம் துரையுடையது, விடுதலையானவன் குத்தகைக்காக மறுபடியும் அதே வேலையைச் செய்தான். அதற்கப்புறம்தான் அவர்களுக்குக் குடும்பப் பேரே வந்தது, 1820களிலும் 1830களிலும் எல்லோருக்கும் ஒரு பேர் எழுதிக் கொடுத்தார்கள், ஓக் மரம், பிர்ச் மரம், கல் என்றெல்லாம். இன்றைக்கும் தாலினில் பாதிப் பேர் மரமாகத்தான் இருக்கிறார்கள். நம் அடையாள அட்டையில் குடும்பப் பேர் இல்லாமல் அ/லெ (மலாயில் ‘மகன்’) போட்டு அப்பா பேரை எழுதுகிறோமே என்று யாராவது குறைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

கோட்சபூவும் ஒரு துரைதான், அதை மறைத்து மாலுமி என்று மட்டும் கொண்டாட எனக்கு மனமில்லை. 1919இல், எஸ்டோனியா சுதந்திரம் அறிவித்த அடுத்த வருடம், புது அரசு பண்ணைகளை எடுத்துத் துண்டு போட்டு நிலமில்லாதவர்களுக்கும் போரில் நின்றவர்களுக்கும் கொடுத்தது. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு வேறு ஞாபகம் வரும். இங்கே ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டாடியபோது நிலம் வெளியாட்களுக்குப் போயிற்று, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு ரோட்டுக்கு வந்தார்கள், அதைப் பார்த்துத்தான் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அங்கே துண்டாடியது உழுதவன் கைக்கு. ஒரே சொல், இரண்டு கதை. ஆனால் அவர்களுக்கும் அது நிலைக்கவில்லை, சோவியத் வந்து நிலத்தைப் பிடுங்கியது, 1949 மார்ச்சில் சில நாட்களுக்குள் 20,000 பேருக்கு மேல் சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1991க்குப் பிறகுதான் பேரப் பிள்ளைகள் தாத்தாவின் நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்தார்கள்.

எஸ்டோனிய மொழி ரஷ்ய மொழி மாதிரியா?
(மாணவி, செந்தூல்)

இல்லவே இல்லை, அங்கே போய் இப்படிக் கேட்டுவிடாதே கண்ணா. பின்லாந்து மொழிக்கு உறவு. நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்குப் பதினான்கு. தாலின்னஸ் என்றால் தாலினில், தாலின்னஸ்ட் என்றால் தாலினிலிருந்து. நாம் வாலில் ஒட்டுகிற மாதிரியே அவர்களும் ஒட்டுகிறார்கள். அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். எதிர்காலத்துக்குத் தனி வினை வடிவம் கிடையாது. நாளைக்கு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள், நாமும் பாதி நேரம் அப்படித்தானே சொல்கிறோம்.

சைவம் கிடைக்குமா?
(வாசகி, ஆயர் ஈத்தாம்)

கறுப்பு ரை ரொட்டி, உருளைக்கிழங்கு, பாலாடைக் கட்டி, காளான், காட்டுப் பழம், பிழைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் யார் வீட்டிலாவது கறுப்பாக ஒரு சாஸேஜ் வைத்தால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அதில் இரத்தம் சேர்ப்பார்கள். ‘காமா’ என்று ஒரு மாவு இருக்கிறது. பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, மோரில் கரைத்துக் குடிப்பார்கள். முதல் வாய் குடித்ததும் என் அம்மா கரைத்துத் தருகிற சத்துமாவு ஞாபகம் வந்துவிட்டது. உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் கேட்கலாமா என்று யோசித்தேன், பையன் முறைத்தான்.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?
(வாசகர், செராஸ்)

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை, எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரலாம் என்று சேர்ந்திருக்கிற செங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. இங்கிருந்து நேர் விமானம் கிடையாது. ஹெல்சிங்கி வரை பறந்து, அங்கிருந்து படகேறினால் இரண்டு மணி நேரத்தில் தாலின். தாலினிலிருந்து கோசெக்குப் பேருந்து உண்டு. கோலாலம்பூரில் ஒரு பயண முகவரிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன், “அங்கே என்னம்மா இருக்கிறது, பாரிஸ் போங்க” என்று மூன்று தடவை சொன்னார். நானே இணையத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டேன். ஜூனில் போனால் இரவு பத்தரைக்கும் வெளிச்சம், தூக்கம் வராது. டிசம்பரில் பகலே ஆறு மணி நேரம்தான்.

மந்திரக்காரிக் கிணறு என்று ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறதாமே, உண்மையா?
(வாசகர், பத்துமலை)

உண்மை, கோசெ வட்டாரத்திலேயே துகலா என்ற இடத்தில். பத்துமலைக்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். உங்கள் குகையைக் குடைந்தது எதுவோ அதுதான் இங்கேயும், சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லத் தின்கிற தண்ணீர். அங்கே மலையில்லாததால் குகை தரைக்கடியில் போய்விட்டது. துகலா ஆறு ஓரிடத்தில் நிலத்துக்குள் மறைந்து, கொஞ்ச தூரம் தாண்டி வெளியே வருகிறது. நடுவில் அந்தக் கிணறு. பனி உருகும்போதும், பெருமழைக்குப் பிறகும் அடியில் ஓடுகிற ஆறு கொள்ளாமல் போய், தண்ணீர் கிணற்று வழியாக மேலே பொங்கி வழியும், விநாடிக்கு 100 லிட்டர் வரை. சூடு கிடையாது, வெறும் அழுத்தம்தான். ஊர்க்கதை என்னவென்றால், மந்திரக்காரிகள் கிணற்றுக்குள் நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பிர்ச் மரக் குழையால் அடித்துக்கொள்கிறார்கள், அதில்தான் தண்ணீர் பொங்குகிறது. பக்கத்தில் நபலா என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி தோண்டப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். 2014இல் அந்தப் பகுதி முழுவதும் இயற்கைக் காப்பகமானது.

நாங்கள் போனது ஜூனில் என்பதால் கிணறு பொங்கவில்லை. மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன், கீழே இருட்டில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, என் கண்ணாடி மட்டும் மின்னியது. “மந்திரக்காரிகள் லீவில் இருக்கிறார்கள் அத்தை, ஏப்ரலில் வாருங்கள்” என்றான் பையன். ஏப்ரலில் குளிருமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பஸ் வருகிறது என்று நடக்க ஆரம்பித்துவிட்டான்.